அடியில் சிவப்புப் பொட்டு வைத்த கிளாஸ்

என் கடையில் நான் இருக்கும் மேசையின் மேல் ஒரு கண்ணாடிக் கிளாஸ் எப்போதும் கவிழ்ந்தபடி இருக்கும். தூசு விழாமல் இருக்கத்தான் அப்படி வைத்திருக்கிறேன் என்று பலர் நினைப்பார்கள். அதன் அடிப்பக்கம் மேலே தெரியவேண்டும் என்பதே காரணம். அடியின் நடுவில் குன்றிமணி அளவில் ஒரு சிவப்புப் பொட்டு. தண்ணீர் இறைக்கும் மெஷின்களைத் திருத்தி முடித்ததும் அவற்றின் உடம்புக்கு நான் பூசுகிற அதே பெயின்ற்தான். பாதி தேய்ந்துவிட்டது, மீதி பிடிவாதமாக நிற்கிறது. மெஷின் வாங்க வருகிறவர்களில் சிலர், "இது என்ன காக்கா, நேர்ச்சைக் கிளாஸா?" என்று கேட்பார்கள். "ஓம், அப்பிடித்தான் வச்சிக்கங்களன்" என்று சொல்லிவிட்டு, "உங்கட கிணறு கடலுக்கு எவ்வளவு கிட்ட?" என்று திருப்பிக் கேட்பேன். அந்தக் கேள்வியையும் இந்தக் கிளாஸையும் எனக்குத் தந்தவள் என் தங்கச்சி.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. பிறந்தது பெண்பிள்ளை என்றால் வாப்பாவுக்கும் காக்காமாருக்கும், அதாவது அண்ணன்மாருக்கும், அன்றைக்கே ஒரு வீடு கட்டும் யோசனை தொடங்கிவிடும். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். நானும் அப்படித்தான் என் மனைவியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவன். வாப்பா நேரத்தோடு மவுத்தாகிவிட்டதால் தங்கச்சிக்கு வீடு கட்டும் வேலை என் தலையில் வந்தது. சாய்ந்தமருதில், கடலுக்கும் பெரிய வீதிக்கும் நடுவே உம்மா வழியில் வந்த வளவு, வீட்டுக்காணி அது. வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னமே கிணற்றைத் தோண்டினேன். கடற்கரை மண் சீனி மாதிரிச் சரியும், அதனால் சீமெந்து வளையங்களை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கி, உள்ளே இருந்து மண்ணை அள்ளிக்கொண்டே போகவேண்டும். நாலாவது நாள் தண்ணீர் கண்டது. அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துப் பார்த்த தங்கச்சி, "இதுக்குச் சீனி தேவையில்ல காக்கா, சீனிக்காசு மிச்சம்" என்றாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

அவள் தேத்தண்ணியால் உலகத்தை அளக்கிறவள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்தில் என்ன வாங்கினாள் என்று எனக்கு ஞாபகமில்லை, ஆனால் குசினியில் அவள் கேட்காத கேள்வி இல்லை. ஒரே தூள், ஒரே பால்மா, ஒரே கேத்தல், அப்படியிருக்க ஏன் இன்றைக்கு நிறம் வேறு? அவளுக்கு இது ஒரு வழக்கு மாதிரி. தீர்ப்புக் கிடைக்கும்வரை விடமாட்டாள். மச்சான், அதாவது அவளுடைய மாப்பிள்ளை, கடலுக்குப் போகாத நாட்களில் வளவில் கொச்சிக்காய்ச் செடி வைத்திருந்தார். கோடையில் அதற்கு மெஷினால் தண்ணீர் இறைப்பார். ஒருநாள் தங்கச்சி என்னிடம், "மெஷின் ஓடின நாள் பின்னேரத் தேத்தண்ணி கறுத்துப்போகுது காக்கா. விடிஞ்சா சரியாகுது. ஏன்?" என்று கேட்டாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மெஷின்களைக் கழற்றிக் கழற்றியே தொழில் படித்தவன் நான். மெஷினைப் பற்றி ஒருத்தர் குறை சொன்னால் என் பிள்ளையைச் சொன்ன மாதிரி. "மெஷின் தண்ணியத்தான் எடுக்கும், உன்ட தேத்தண்ணியில கை வைக்காது" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப வேற ஆரோ கை வைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுக் கேத்தலைக் கழுவப் போய்விட்டாள்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கச்சி, பதின்மூன்று வயது மகளை ரியூஷனுக்கு விடுவதற்காகப் பெரிய வீதிப் பக்கம் வந்திருந்தாள். அதனால் இருவரும் தப்பினார்கள். மச்சான் கரையில் வலை இழுத்துக்கொண்டு நின்றவர். மூன்றாம் நாள்தான் அவரை அடக்கினோம். வீட்டில் யன்னல் மட்டத்துக்கு மேலே சுவர் இல்லை. கிணறு மட்டும் அதே இடத்தில், விளிம்பு வரை கடலை நிரப்பிக்கொண்டு நின்றது. அதற்குள் தென்னோலை, சேறு, யாருடையதோ ஒரு சோடிச் செருப்பு. அன்றைய நாளைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அதை எழுத ஆள் இருக்கிறது.

தங்கச்சி என் மனைவியின் வீட்டுப் பின்னறையில் இத்தா இருந்தாள். மாப்பிள்ளையை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் இருக்கவேண்டிய காலம் அது. அவள் இத்தா முடிந்து வளவுக்குப் போகும்போது கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கவேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம். வீட்டை உடனே கட்டிக் கொடுக்க என்னால் முடியாது. மச்சானைத் திருப்பிக் கொடுக்க ஆராலும் முடியாது. தண்ணீர் என் தொழில். அதையாவது கொடுக்கலாம் அல்லவா? விசயத்தைச் சொன்னபோது அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "குப்பைய மட்டும் அள்ளுங்க காக்கா. மெஷின் வெக்க வேணாம்." துக்கத்தில் இருக்கிற பிள்ளை ஏதோ சொல்கிறது என்று நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அந்தத் தலையாட்டலைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் ஊரில் வருசத்துக்கு ஒருமுறை கிணற்றை வற்ற இறைத்துச் சேறு அள்ளுவது வழக்கம். அள்ளியபின் ஊறுகிற தண்ணீர் புதுப் பால் மாதிரி இருக்கும். தலைமுறையாகக் கண்ட விசயம். அதனால் கிணற்றுக்குள் கடல் புகுந்தபோது எங்கள் எல்லாருக்கும் வந்த யோசனை ஒன்றுதான். கடலை வெளியே இறை, நல்லது ஊறிவரும். அந்த மாதங்களில் கடற்கரை முழுக்க மெஷின் சத்தம், அதில் பாதிக்கு மேல் என் கையால் ஓடிய மெஷின்கள். தங்கச்சியின் கிணற்றை முதல்தரம் வற்றவைத்தேன். ஊறிய தண்ணீரை நாக்கில் வைத்தால் உப்பு. போதாது என்று மறுபடியும் இறைத்தேன். முந்தியதைவிட உப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள், காலையிலிருந்து பின்னேர அசர்த் தொழுகை வரை பெரிய மெஷினைப் போட்டேன். ஒன்பதாவது தரம் அடி வளையம் ஒன்று சரிந்து, பக்கத்தால் மண் கொதித்த கஞ்சி மாதிரி உள்ளே வந்தது. அதற்குப் பிறகுதான் நிறுத்தினேன். நிறுத்தினதும் புத்தியால் இல்லை, பயத்தால்.

இத்தா முடிந்த அன்று தங்கச்சி வீட்டைப் பார்க்கவில்லை. நேராகக் கிணற்றடிக்குப் போனாள். மெஷின் குழாய் உரசிய அடையாளம் வளையத்தில் இருந்தது, மண்ணில் எண்ணெய்க் கறை இருந்தது. வாளியை இறக்கி ஒரு கை அள்ளிக் குடித்தாள், துப்பவில்லை, விழுங்கினாள்.

"எத்தின தரம்?" என்று கேட்டாள்.

"ஒன்பது."

வாளியை வளையத்தின் மேல் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "கடல் ஒருக்காத்தான் தானா வந்திச்சி காக்கா. மத்த ஒன்பது தரமும் நீங்க கூப்பிட்டு வந்தது."

அவ்வளவுதான். அந்தக் கதையை அவள் அதற்குப் பிறகு எடுத்ததே இல்லை. எடுத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவள் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்குப் புரியவைத்தவர், கிணறுகளைச் சோதிக்க வந்த ஒரு தண்ணீர் அதிகாரி. காரைதீவுக்காரர், வயலும் கிணறும் தெரிந்த மனிசன். கம்பியின் நுனியில் கட்டிய ஒரு சிறிய கருவியைக் கிணற்றுக்குள் மெதுவாக இறக்கினார். மேலே ஒரு அளவு, கீழே போகப் போக அளவு ஏறிக்கொண்டே போனது. "மழைத்தண்ணி பாரம் குறைவு, உப்புத்தண்ணி பாரம் கூட" என்று அவர் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். "கடற்கரை மண்ணுக்குள்ள நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டுதான் இருக்கு, கறிக்கு மேல எண்ணெய் நிக்கிற மாதிரி. கடல் மட்டத்தவிட ஒரு அடி உயரத்துக்கு நல்ல தண்ணி நிண்டா, கீழ நாப்பது அடிக்கு அது உப்பத் தள்ளிப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். நீங்க மேல ஒரு அடிய இறைச்சு இறக்கினா, கீழ இருந்து உப்பு நாப்பது அடி ஏறப் பாக்கும் காக்கா." நான் மெஷின்காரன், எனக்குக் கணக்குச் சட்டென்று பிடிபட்டது. தங்கச்சிக்கு அதற்கு முன்னமே பிடிபட்டிருந்தது. "அப்ப பின்னேரத் தேத்தண்ணி கறுத்ததும் இதுதான்" என்றாள், வழக்கில் வென்றவள் மாதிரி. அதிகாரி ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். "எப்ப சரிவரும்?" என்று நான் கேட்டதற்கு, "மழையத்தான் கேக்கவேணும். ஒரு மாரியோ, ரெண்டோ. தோண்டாம, இறைக்காம விட்டா வரும். வராமலும் போகலாம்" என்றார்.

அந்த 'வராமலும் போகலாம்' என்பதில்தான் அவளுடைய வாழ்க்கை தொங்கியது. கடலோரத்தில் இனி வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் நாடா பிடித்து அளந்த எல்லைக்கு அவளுடைய வளவு சற்று மேற்கே விழுந்தது, கட்டலாம். ஆனால் வீடிழந்தவர்களின் பட்டியல் எழுத வந்தவர்கள் தெளிவாகச் சொன்னார்கள். உள்ளே வயல் பக்கம் வரப்போகிற வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் கொடுத்தால் ஒரு வீடு கிடைக்கும். கொடுக்காவிட்டால் இந்த வளவிலேயே, ஒரு சிறிய உதவியோடு, தானே பார்த்துக்கொள்ளவேண்டும். இரண்டில் ஒன்று. தண்ணீர் இல்லாத வளவில் வீடு கட்டி என்ன பயன்? பவுசர் லொறி கொண்டுவந்து ஊற்றுகிற தண்ணீர் எத்தனை நாளைக்கு? அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள். இன்னும் ஐந்தாறு வருசத்தில் அந்தப் பிள்ளைக்கு வீடு வேண்டும். வாப்பா இல்லாத, காக்காவும் இல்லாத பிள்ளை. பக்கத்து வளவு மாமி முதல் நாளே பெயர் கொடுத்துவிட்டு வந்து, "நீ என்னத்துக்கு இஞ்ச கிடந்து உப்பாகிறாய்?" என்று கேட்டா. "உப்புல கிடந்தா மீனே கெடாது மாமி, நான் கெட்டுப்போவனா?" என்றாள் தங்கச்சி. பட்டியல் மூடும்வரை ஒரு மாரிக்குத் தவணை கேட்டுக்கொண்டு, சுவருக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டு மகளோடு குடிவந்துவிட்டாள்.

மாரிக்கு முன் அவள் செய்த வேலையைப் பார்த்து ஊர் சிரித்தது. வளவைச் சுற்றி, வயலுக்குக் கட்டுவது மாதிரி, மண்ணை இழுத்து வரம்பு கட்டினாள். மகள் கூடையில் மண் சுமந்தாள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போகும்போதெல்லாம் நானும் மண்வெட்டி பிடித்தேன். விழுகிற மழையில் ஒரு சொட்டும் வீதிக்கு ஓடக்கூடாது, எல்லாம் இந்த மண்ணுக்குள்ளேயே இறங்கவேண்டும் என்பது அவளுடைய திட்டம். தகரக் கூரைத் தண்ணீரையும் பீலி வைத்துக் கிணற்றடிக் குழிக்குத் திருப்பினாள். மாமி வேலியடியில் நின்று, "கடற்கரையில வேளாண்மையா செய்யப்போறா உன்ட தங்கச்சி? யானை வராமப் பாத்துக்கங்க" என்று என்னிடம் சொன்னா. தங்கச்சி நிமிராமலே, "விதைநெல் உங்களிட்டத்தான் கேக்க இரிக்கன் மாமி" என்றாள்.

கிணற்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பத்து வாளி மட்டும் எடுக்கலாம் என்பது அவள் போட்ட சட்டம். அதுவும் கையால். வாளியை ஆழ அமிழ்த்தக்கூடாது, சரித்து, மேல்தண்ணீரை மட்டும் வழித்து எடுக்கவேண்டும். எடுத்ததை வரம்புக்கு வெளியே ஊற்றவேண்டும். ஒரு மணித்தியாலத்தில் ஒரு குளத்தையே இறைக்கிற மெஷின்கள் வைத்திருக்கிற நான், கயிறு பிடித்து ஒவ்வொரு வாளியாக, முட்டை எடுப்பதுபோல எடுத்துக்கொண்டு நிற்பேன். வேலை முடிந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டால் பவுசர்த் தண்ணீர்தான் தருவாள். கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று ஒருநாளும் என்னிடம் கேட்கமாட்டாள், ஒரு மிடறும் தரமாட்டாள். எனக்குரிய தண்டனை அது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அவள் கேட்டது தயிர்க்காரரிடம். இறக்காமத்திலிருந்து கிழமைக்கு ஒருநாள் மோட்டார் சைக்கிளில் எருமைத் தயிர் மண்முட்டிகளைக் கட்டிக்கொண்டு வருகிற நடுவயதுக்காரர். "எங்கட நாக்கெல்லாம் உப்புக்குப் பழகிப் போச்சி. நாளைக்கு நல்லாயிரிக்கெண்டு நமக்கே தோணும், ஆனா தண்ணி மாறியிரிக்காது, நாக்குத்தான் மாறியிரிக்கும். குளத்துத் தண்ணி குடிக்கிற நாக்கு வேணும்" என்பது அவள் நியாயம். முதல்தரம் கொடுத்தபோது தயிர்க்காரர் வேலிக்கு வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, "தங்கச்சி, இத எருமைக்கும் குடுக்காத. குடுத்தா பால் கறக்காது, கருவாடுதான் கறக்கும்" என்றார். ஆட்கள் சொல்லும் நல்ல வசனங்களை மெஷின் சாமான் வருகிற பெட்டி மட்டைகளில் எழுதி வைப்பது என் பழக்கம். அந்த மட்டை இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே அவருடைய பிந்திய தீர்ப்புகளும் வரிசையாக இருக்கின்றன. முதல் மழைக்குப் பிறகு, "இப்ப எருமை குடிக்கும், ஆனா என்னை முறைக்கும்." தை மாதத்தில், "மனிசனுக்குக் குடுக்கலாம், கடன்காரனா இருந்தா."

அதற்குப் பிறகு ஒருநாள் அவர், "நல்லாத்தான் இரிக்கி" என்றார். நான் மகிழ்ந்துபோனேன். தங்கச்சியின் முகம் மாறவில்லை. அவர் போனபின், "ஏலாத பொம்புளயெண்டு இரக்கப்பட்டுச் சொல்றாரு" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை என்னிடம் கொஞ்சம் சிவப்புப் பெயின்ற் கொண்டுவரச் சொன்னாள். ஒரே மாதிரி இரண்டு கிளாஸ் எடுத்து, ஒன்றின் அடியில் தீக்குச்சியால் ஒரு பொட்டு வைத்தாள். பொட்டு வைத்ததில் கிணற்றுத் தண்ணீர், வைக்காததில் பவுசர்த் தண்ணீர். தயிர்க்காரர் வந்ததும் தட்டத்தில் இரண்டையும் மகளிடம் கொடுத்து அனுப்பினாள். எது எது என்று மகளுக்கும் தெரியாது, கொண்டுபோகிற பிள்ளையின் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவளுக்கு முன்யோசனை. தயிர்க்காரர் இரண்டையும் குடித்தார். பொட்டு வைத்த கிளாஸைத் தள்ளி, "இது கடலுக்குச் சொந்தக்காரன்" என்றார். பிறகு தங்கச்சியின் முகத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "போன கிழமை பொய் சொன்னீங்க" என்றாள் அவள். "ஓம் தங்கச்சி, சின்னப் பொய்தான், ஒரு சிட்டிகை" என்றார் அவர். அதன் பிறகு கிழமை தவறாமல் இந்தச் சோதனை நடந்தது, கிழமை தவறாமல் அவர் சரியாகக் கண்டுபிடித்தார்.

அந்த மாரி முடிந்தது, தண்ணீர் முழுதாக மாறவில்லை. பட்டியல் மூடப்போகிறது என்று அறிவித்தார்கள். அன்று நான் அவளோடு சண்டை பிடித்தேன். வாழ்க்கையில் அவளோடு பிடித்த ஒரே சண்டை அதுதான். "உனக்குப் பிடிவாதம். அந்தப் பிள்ளைக்கு வீடில்லாட்டி ஆரு கலியாணம் முடிப்பான்? கிணத்தையா குடுக்கப்போறாய்?" என்று கத்தினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "மாரிக்கு முன்ன அவரு வாயில வெச்ச உடனே துப்பினாரு. இப்ப ரெண்டையும் ரெண்டு தரம் குடிச்சிப் பாத்துத்தான் கண்டுபிடிக்கிறாரு. தண்ணி நடந்து வந்துகொண்டிரிக்கி காக்கா. பாதி வழியில வாற ஆளை விட்டுட்டு நான் எங்க போற?" நான் எழும்பி வந்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை பத்து வாளிக்குப் போனேன். பட்டியல் மூடியிருந்தது. அவளுடைய பெயர் அதில் இல்லை.

இரண்டாவது மாரி நன்றாகப் பெய்தது. வரம்புக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று, ஒரே இரவில் மண்ணுக்குள் போய்விடும். ஆனால் அந்த மாதங்களில் யுத்தம் மறுபடியும் கிழக்கில் மூண்டிருந்தது, உள்ளே போகிற பாதைகள் அடிக்கடி மூடப்பட்டன. தயிர்க்காரர் வரவில்லை. ஒரு கிழமை, இரண்டு, ஐந்து, ஆறு. "வேற ஆரிட்டயும் குடுத்துப் பாரன்" என்றேன். பெரிய வீதிச் சோதனைச்சாவடியில் கண்டிப் பக்கத்து ஆமிப் பொடியன்மார் நிற்கிறார்கள், மலைத்தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு என்று பகிடியாகவும் சொன்னேன். "தொடக்கத்துல இருந்து வழக்குக் கேட்ட நீதவான்தான் தீர்ப்புச் சொல்லவேணும்" என்றாள். கிளாஸ்கள் இரண்டும் தட்டத்தில் கவிழ்ந்தபடி காத்திருந்தன. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதும் அந்நேரம் எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு கிழமையும் அவர் வருகிற நாளில் அவள் கிளாஸ்களைக் கழுவி வைத்தாள்.

ஏழாவது கிழமையோ எட்டாவதோ, மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மெலிந்திருந்தார், முட்டிகளும் குறைவு. வேலியடியிலேயே நின்று, "தங்கச்சி, பாதை கிடைச்சிச்சி. முதல்ல தண்ணி கொண்டா, சுகமெல்லாம் பொறகு விசாரிப்பம்" என்றார். அன்று வெள்ளிக்கிழமையாதலால் நானும் கயிற்றோடு கிணற்றடியில் நின்றேன். மகள் தட்டத்தைக் கொண்டுபோனாள். அவர் ஒன்றைக் குடித்தார், மற்றதைக் குடித்தார். திரும்பவும் முதலாவதை. கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் உருட்டினார். பிறகு ஒரு கிளாஸைத் தள்ளி, "இதுதான் கிணறு. ஒரு மாதிரி இரும்பு மணம் அடிக்கி" என்று அடித்துச் சொன்னார். தங்கச்சி வந்து அந்தக் கிளாஸை மேலே தூக்கி அடியைப் பார்த்தாள். பொட்டு இல்லை. பவுசர்த் தண்ணீர். அவள் அதைத் தட்டத்தில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே கிணற்று வளையத்தில் சாய்ந்துவிட்டாள். தயிர்க்காரர் பதறிப்போய், "என்ன, நான் பிழையாச் சொல்லிட்டனா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன் நான். "பிழையாச் சொன்னதுக்கு அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுசத் தரட்டும்."

அதன் பிறகு வீடு எழும்பியது. மெதுவாகத்தான், ஒரு வருசம் சுவர், ஒரு வருசம் கூரை. யுத்தம் முடிந்த வருசம் தரைக்குச் சீமெந்து போட்டோம். பாதைகள் திறந்ததும் ஊர்களுக்கிடையில் முதலில் நடமாடத் தொடங்கியவை கலியாணப் பேச்சுகள்தான் என்று எனக்குத் தோன்றும். எத்தனை கதைகள் பாதைக்காகக் காத்திருந்தன. தயிர்க்காரர் தன் தங்கச்சி மகனுக்கு எங்கள் பிள்ளையைக் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க இறக்காமத்திலிருந்து வந்தார்கள். எங்கள் வழக்கில் மாப்பிள்ளை வந்து குடியிருக்கப்போகிற வீடு அல்லவா, அறையைப் பார்ப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள், எல்லாவற்றையும் விட மாப்பிள்ளையின் உம்மா குசினியைப் பார்ப்பா. உள்ளே வரும்போதே அந்த உம்மா, "எல்லாம் நல்லம். கடற்கரையில தண்ணிதான் எப்பிடியெண்டு தெரியா" என்று ஒரு சொல் போட்டா. தங்கச்சி கேத்தலை வைக்கக் குசினிக்குப் போனாள். தயிர்க்காரர் ஒரு மூலையில், வாயைத் திறக்கக்கூடாது என்று கட்டளை வாங்கியவராக உட்கார்ந்திருந்தார்.

பால் தேத்தண்ணி வந்தது. எல்லாரும் குடித்தார்கள். கதை வயலைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் போனது, தேத்தண்ணியைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவு நிலையில் நின்ற தங்கச்சியைப் பார்த்தேன். அவளுக்கு அதைவிட வேறு பாராட்டுத் தேவைப்படவில்லை என்று விளங்கியது. பிறகு மாப்பிள்ளையின் உம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டா. ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டா. அதையும் குடித்துவிட்டு, "இத எங்கயிருந்து எடுப்பிக்கிற?" என்று சந்தேகமாக விசாரித்தா. தங்கச்சி கிணற்றைக் காட்டினாள். அந்த மனிசி நம்பாமல் தானே எழும்பிப் போய், வாளி விட்டு, கையால் அள்ளிக் குடித்துப் பார்த்தா. "ஆரு தோண்டின கிணறு?" என்றா.

"எங்கட காக்கா தோண்டினது" என்றாள் தங்கச்சி. வேறொன்றும் சேர்க்கவில்லை.

அவர்கள் நாள் குறித்துவிட்டுப் போனபின் தட்டங்களை எடுத்துக்கொண்டிருந்தவள், அந்தப் பொட்டுக் கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். "குடிங்க காக்கா." இத்தனை வருசத்தில் முதல்தடவை. நான் வாங்கி வைத்துக்கொண்டு, மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "இவ்வளவு நாளும் ஊருக்கெல்லாம் குடுத்தாய், எனக்கு ஒரு மிடறு தரல்ல. நான் செஞ்சது பிழைதான். அதுக்காகவா?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அதுக்கா? உங்களுக்குத் தந்தா நீங்க என்ன சொல்லுவீங்க? கடலையே மொண்டு தந்தாலும் நல்லாயிரிக்கி எண்டுதான் சொல்லுவீங்க. நல்லாக வேணுமெண்டு என்னவிட நீங்கதான் அவதிப்பட்டீங்க. உங்கட நாக்கு என்ட பக்கம் காக்கா, அத நம்பி வீடு கட்ட ஏலுமா?"

நான் குடித்தேன். அது எப்படி இருந்தது என்று எழுதினால் அவள் நம்பமாட்டாள், நீங்களும் நம்பவேண்டாம். கிளாஸைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வெச்சிக்கங்க, கடைக்குத் தேவைப்படும்" என்றாள்.

இப்போது அந்த வீட்டில் மகள் இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள், குழாய்த் தண்ணீரும் வந்துவிட்டது. தங்கச்சி குசினிப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு, தேத்தண்ணிக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர் என்று இன்னும் சட்டம் போடுகிறாள். மருமகன் கிணற்றுக்கு ஒரு மோட்டார் பூட்டவேண்டும் என்று வந்தபோது, கடையில் இருந்ததிலேயே ஆகச் சிறியதைக் கொடுத்தேன், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடாமல் தானாக நிற்கும்படி கட்டியும் கொடுத்தேன். கடற்கரைப் பக்கத்திலிருந்து பெரிய மெஷின் கேட்டு வருகிறவர்களுக்கும் இதைத்தான் செய்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள், போகட்டும். கேட்கப் பொறுமை உள்ளவர்களுக்கு, தங்கச்சி மகளின் வீட்டிலிருந்து காலையில் கொண்டுவந்த போத்தலைத் திறந்து இந்தக் கிளாஸில் ஊற்றி நீட்டுவேன். எங்கே எடுத்த தண்ணீர் என்று முதலில் சொல்வதில்லை. பெரும்பாலானவர்கள் குடித்துவிட்டு, தண்ணீரைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் மெஷின் விலை கேட்பார்கள். நான் கிளாஸைக் கழுவி, பொட்டு மேலே தெரிய, திரும்பவும் கவிழ்த்து வைப்பேன். பிறகு கேட்பேன்: "உங்கட கிணறு கடலுக்கு எவ்வளவு கிட்ட?"